யாருடைய குரல்?

உண்மையை மட்டுமே சொல்லி ஒருவன் பிறரை ஏமாற்ற முடியுமா? கதை எழுதுகிறவன் இப்படிக் கேட்பது வேடிக்கையாக இருக்கலாம். இல்லாததை இருப்பதுபோலச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்தைப் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அங்கே முதியோருக்கென்று மெடிகேர் என்னும் மருத்துவக் காப்புத் திட்டம் இருக்கிறது. அதில் மருந்துச் செலவுக்கும் உதவி கிடைக்கும்படி 2003 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. சட்டம் நல்லதா, கெட்டதா என்று பலத்த வாதப் பிரதிவாதம். 2004 தொடக்கத்தில் பல ஊர்களின் டெலிவிஷன் செய்திகளுக்கு நடுவே அதைப் பற்றி ஒரு சிறு படம் வந்தது. ஜனாதிபதி கையெழுத்திடுகிறார், கூடியிருப்பவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு முதியவருக்குப் புதிய உதவியை எடுத்துச் சொல்கிறார்; நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது என்கிறார் முதியவர். கடைசியில், வாஷிங்டனிலிருந்து செய்தி தருவது கேரன் ரயன் என்று ஒரு பெண் குரல் சொல்லி முடிக்கிறது.

அந்த அம்மாள் அந்த நிலையங்களில் எதற்கும் நிருபர் அல்லர். முன்பு செய்தித் துறையில் இருந்தவர். அப்போது பிரசாரத் தொழில் செய்துவந்தவர். பணம் கொடுத்துப் படத்தை எடுக்கச் செய்தது அரசாங்கத்தின் சுகாதார இலாகா. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

இப்படிப்பட்ட படங்களைத் தயாரித்துச் செய்தி நிலையங்களுக்கு அனுப்புவது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கார் கம்பெனி, மருந்துக் கம்பெனி, அரசாங்கம் என்று யாரும் அதற்கு வாடிக்கைக்காரராகலாம். ஒன்றரை நிமிஷத்துக்கு எடுத்த படம், அதைத் தொடங்கிவைக்கச் செய்தி வாசிப்பவர் படிக்க வேண்டிய வாசகம், விருப்பம்போல வெட்டி ஒட்டிக்கொள்ளத் துண்டுக் காட்சிகள், எல்லாம் இலவசமாக வந்து சேர்ந்துவிடும். பல சமயங்களில் விவரணைக் குரலைத் தனியாகப் பதித்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுத் தங்கள் நிருபரையே பேசவைத்தால், அவரே போய்ப் பார்த்துவந்து சொல்வதுபோல இருக்கும். கையில் நாலைந்து நிருபர்களை வைத்துக்கொண்டு, தினம் பல மணி நேரச் செய்தியை நிரப்ப வேண்டிய சிறிய நிலையத்துக்கு இது பசிவேளையில் வாசலுக்கு வந்த சாப்பாடு. சமைத்தது யார் என்று அது ஊராருக்குச் சொல்வதில்லை.

மெடிகேர் படத்தைக் குறைந்தது 40 நிலையங்கள் முழுதாகவோ பகுதியாகவோ காட்டின. காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இதை விசாரித்து 2004 மே மாதத்தில் தீர்ப்புச் சொன்னது. தயாரித்தது அரசாங்கம் என்பதைப் பார்ப்பவர்களுக்குத் தெரிவிக்காததால் இது மறைமுகப் பிரசாரம், பொதுப்பணத்தை இதற்குச் செலவிட்டது சட்டத்துக்கு விரோதம் என்றது அது. 2005-ல் நீதி இலாகா இதற்கு எதிர்வாதம் வைத்தது. சொன்ன சங்கதி வெறும் தகவலாக இருக்குமானால், தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாததால் மட்டும் அது பிரசாரமாகிவிடாது என்பது அதன் கட்சி.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் வள்ளுவரே அந்தக் கட்சிக்காரர்போலத் தோன்றுகிறாரே! சொல்வது யார் என்று பாராதே, சொல்லும் பொருளில் மெய் உண்டா என்று பார் என்பதல்லவா அவர் கற்றுக்கொடுத்தது? அப்படியானால் பொருள் சரியாக இருக்கும்போது வாய் யாருடையது என்று கேட்பது வீண் வம்பு அல்லவா?

இந்த இடத்தில் என் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுமார் இருபது வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. வாசகர் கடிதப் பகுதியில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஆறேழு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு புனைபெயரில், ‘ஒரு வாசகர்’ எழுதுவதுபோல நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அதில் பொய் ஒன்றுமில்லை. கதாநாயகியின் மௌனம் மனத்தைத் தொடுகிறது என்று எழுதினேன். என் மனத்தை அது தொட்டது உண்மைதான். கடிதம் அச்சாகியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியையின் கடிதம் வந்திருந்தது. “இதை யாரிடமும் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். என்னைப்போலவே உணர்கிற இன்னொருவர் இருக்கிறார் என்று அறிந்து எழுதுகிறேன்” என்றிருந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. அந்த ‘இன்னொருவர்’ உலகத்தில் இல்லையே!

நான் அவரிடமிருந்து எதைத் திருடினேன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. இந்த அமெரிக்க விவகாரத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. கோர்ட்டில் வாதியும் பேசுகிறான், சாட்சியும் பேசுகிறான். வாதி பேசுவது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவன் பேச்சை நீதிபதி நிறுக்கிற தராசு ஒன்று. சம்பந்தமில்லாத சாட்சியின் பேச்சை நிறுக்கிற தராசு வேறொன்று. வாதியே வேஷம் மாற்றிச் சாட்சிக் கூண்டில் ஏறி, வழியோடு போன நான் பார்த்ததைச் சொல்கிறேன் என்றால், சொன்னது அத்தனையும் மெய்யானாலும் அவன் நீதிபதியின் தராசைத் திருடியவனாகிறான். வள்ளுவர் சொன்னபடி மெய்ப்பொருள் காண்பதற்கும் அந்தத் தராசு வேண்டுமே! பலர் வாயால் கேட்டுத்தான் நாம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பல வாய்போலத் தோன்றுவது ஒரே வாயாக இருந்துவிட்டால் எதை எதனோடு ஒப்பிடுவது?

கதையிலும் நான் பிறர் குரலில்தான் பேசுகிறேன். திருடனாக, கைம்பெண்ணாக, கடவுளாகக்கூடப் பேசியிருக்கிறேன். ஆனால் அட்டையில் நாவல் என்றும், அதன் கீழே என் பெயரும் இருக்கின்றன. கூத்து மேடையில் ராஜா வேஷம் கட்டியவனை யாரும் மோசக்காரன் என்பதில்லை. அதே வேஷத்தோடு அவன் வீடுவீடாகப் போய் வரி வசூலித்தால் சங்கதி வேறு.

இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய பயத்தைத் தருவது, இதில் குற்றவாளி என்று ஒருவரைப் பிடித்து நிறுத்த முடியாததுதான். படம் எங்களுடையது என்று நிலையத்துக்குத் தெரியுமே என்கிறது இலாகா. குரல் கொடுத்தவர், எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்பார். நிலையத்தார், தகவல் சரிதானே என்பார்கள். ஒவ்வொருவரும் சொல்வது சரி. எல்லாம் சேர்ந்து கடைசியில் கிழவர் ஒருவர் தம் வீட்டில் உட்கார்ந்து ஏமாறுகிறார். 2006-ல் ஒரு பொதுநல அமைப்பு பத்து மாதம் கவனித்து, இப்படி வந்த 36 படங்களை 77 நிலையங்கள் மூலத்தைச் சொல்லாமல் காட்டியதாக அறிக்கை வெளியிட்டது. 2011-ல் மினியாபொலிஸ் நகர நிலையம் ஒன்றுக்கு ஒரு கார் கம்பெனியின் படத்தை இவ்விதம் காட்டியதற்காக 4,000 டாலர் அபராதம் விதித்தார்கள். தவிர்ப்பதற்குத் திரையின் கீழே ஒரே ஒரு வரி போதும்: ‘இது இன்னார் தந்த படம்.’ அந்த ஒரு வரியைப் போட்டால் படத்தின் மதிப்புப் பாதியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மறைத்ததன் விலை அதுதான்.

எனக்கும் அன்று அது தெரிந்துதான் இருந்தது. இல்லாவிட்டால் என் சொந்தப் பெயரிலேயே எழுதியிருப்பேனே! அந்த ஆசிரியை இந்தப் பக்கத்தைப் படிப்பாரோ, மாட்டாரோ, அறியேன். படித்தால் அவருக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அம்மா, அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்.