பொய்க்கு இடங்கொடாத பத்திரிகை



2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் தமிழ்க் கத்தோலிக்கர் மறக்கக்கூடிய நாளன்று. குமரி மண்ணின் வேதசாட்சி தேவசகாயத்தைப் பாப்பரசர் பிரான்சிஸ் உரோமாபுரியில் புனிதர் வரிசையிற் சேர்த்தது அன்றுதான். அதே வழிபாட்டில் இன்னொருவர் பெயரும் வாசிக்கப்பட்டது. அவர் ஒல்லாந்து நாட்டுக் கார்மேல் சபைக் குருவானவர் தீத்துஸ் பிராண்ட்ஸ்மா. நம் வீடுகளில் அவரைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் செய்தி படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறியவேண்டிய பெயர் அது.

1881இற் பிறந்த இவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். கத்தோலிக்கப் பத்திரிகையாளரின் ஆன்ம ஆலோசகர். ஒல்லாந்துக் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பத்திரிகைகளை நடத்திவந்தனர். 1940 மே மாதம் ஹிட்லரின் படை அந்நாட்டைப் பிடித்தது. 1941 முடிவிலே கட்டளையொன்று பிறந்தது: நாசிகளோடு சேர்ந்த கட்சியின் விளம்பரங்களை எப்பத்திரிகையும் மறுக்கக் கூடாது.

விளம்பரந்தானே என்று எண்ணத் தோன்றும். காசு வரும், பத்திரிகை பிழைக்கும், மற்றப் பக்கங்களில் ஆயரின் மடலும் திருவிழாச் செய்தியும் வழமைபோல் வரும். ஒரு மூலையில் ஒரு சிறு பெட்டி, அவ்வளவுதான்!

ஆயர்கள் அப்படி எண்ணவில்லை. 1942 தை மாதம் தீத்துஸ் அடிகளார் அவர்களின் நிலைப்பாட்டைக் கடிதமாகச் சுமந்து, ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களைக் கண்டார். அவ்விளம்பரத்தை ஏற்கும் பத்திரிகை இனிக் கத்தோலிக்கப் பத்திரிகையன்று. வாசகர் அதைக் கைவிடவேண்டும் என்பதே செய்தி. அம்மாதம் 19ஆம் நாள் அவர் கைதானார். கத்தோலிக்கர் ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித் தரும்படி சிறையிற் கேட்டபோது, ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். யூலை 26ஆம் நாள் டாக்கௌ முகாமில் நச்சூசியால் கொல்லப்பட்டார். ஊசி ஏற்றிய தாதிக்கு அவர் முன்னரே தம் செபமாலையைக் கொடுத்திருந்தார். பின்னாளில் அவருடைய புனிதத்துவத்துக்குச் சாட்சி சொன்னோரில் அத்தாதியும் ஒருத்தி.

இந்த வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? தலைப்பிலுள்ள பெயர் ஒரு பத்திரிகையைக் கத்தோலிக்கமாக்குவதில்லை. அது எதை ஏற்க மறுக்கிறது என்பதே அதன் விசுவாசம்.

இன்று நம் கைத்தொலைபேசியைப் பாருங்கள். உலகச் செய்தியை நம்பமாட்டோம் என்று நாமே குழுக்களை அமைத்து, புனிதர் பெயரையும் சூட்டியிருக்கிறோம். காலையில் மாதாவின் படம் வருகிறது. மாலையில் அதே இடத்தில் அயல் மதத்தவர்மேல் ஒரு பழி, யாரோ ஒரு பெண்பிள்ளைமேல் ஓர் அவதூறு, யாருமே விசாரியாத ஓர் அற்புதம். அனுப்பியவர் நல்லவர், ஆகவே செய்தியும் மெய்யென்று மற்றவருக்குத் தள்ளிவிடுகிறோம். நாமும் ஒரு சிறு பெட்டிக்கு இடங்கொடுத்துவிட்டோம் அல்லவா? தீத்துஸ் அடிகளார் மறுத்தால் உயிர் போகும் என்ற வேளையில் மறுத்தார். மறுப்பதால் நமக்கு என்ன போய்விடும்?

எட்டாம் கட்டளை களவுக்கு அடுத்ததாக நிற்பதைக் கவனியுங்கள். களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடாமல் பாவசங்கீர்த்தனம் நிறைவு பெறாது என்று அறிவோம். கெடுத்த நற்பெயருக்கும் அதே கடமை உண்டு. குருவானவரின் காதில் மெல்லச் சொன்னாற் போதாது. எந்தக் குழுவில் அனுப்பினோமோ, அதே குழுவில், ‘நான் அனுப்பியது பொய், மன்னியுங்கள்’ என்று எழுதவேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். பழி சுமந்தவர் பட்ட வெட்கத்திலும் அது பெரிதன்று.

இது பேனா பிடிக்கும் நமக்கும் பொருந்தும். இப்பத்திரிகையிற் பொய்யைக் கண்டால் எழுதிக் கேளுங்கள். திருத்தாவிட்டால் வாங்காது விடுங்கள். அந்த அதிகாரத்தை அன்று ஆயர்கள் வாசகர் கையிலேதான் கொடுத்தார்கள்.

புனித தீத்துஸ், புனித தேவசகாயம், எங்கள் நாவையும் விரலையும் காக்க மன்றாடுங்கள்.