மெருகும் மெய்யும்

ஐயம்பேட்டையில் நெசவாளர் இல்லமொன்றில் பழைய மிருதங்கம் ஒன்றைக் கண்டோம். பலாக்கட்டையின்மேல் தந்தையார் பூசிய சிவப்புச் சாயம். தோல்வாருக்குப் பதிலாகத் திருகாணிகள். “சாயத்தை இழைத்து மெருகிட்டால் பழம்பொருளாக நல்ல விலை பெறும், செய்யலாமா, சாமி?” என்று மகன் வினவினார்.

மிருதங்கத்தில் தோல் தேயும், மாற்றப்படும்; கட்டையோ தலைமுறைகளைக் கடக்கும். ஆதலின் மாற்றம் குற்றமன்று. ஆனால், எதை மாற்றுகிறோம்? திருகாணியைக் கழற்றினால் மீண்டும் பூட்டலாம். இழைத்த மரம் மீளாது.

பாலக்காடு மணி ஐயரின் புகழ் பரந்தது. அவருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்து என்னும் கிறிஸ்தவரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது 2020இல் வெளிவந்த டி. எம். கிருஷ்ணாவின் நூலே. உழைத்த கைகளை மறைப்பது நமக்குப் பழகிய பிழை. தந்தையின் சாயத்தைச் சுரண்டுவதும் அதன் சிறு வடிவமன்றோ?

தோலைப் புதுப்பிக்கட்டும், நாதம் பிறக்கட்டும். சாயம் இருக்கட்டும். விற்பதாயின், நிகழ்ந்த மாற்றங்களை வாங்குவோரிடம் மறையாது உரைக்கட்டும். விலை சற்றுக் குறையலாம், மெய் குறையாது.