தூக்கிப் போடும் முன்

பிரிண்டர் காகிதத்தை இழுக்கவில்லை என்றதும் புதியதற்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். பல சமயம் கோளாறு, காகிதம் இழுக்கும் ரப்பர் ரோலரில்தான். தூசி படிந்து வழவழவென்று ஆகியிருக்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே பிடிப்பு திரும்பக்கூடும். இங்க்ஜெட்டில் இன்னொன்று: ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வெளியேறும் மை, உள்ளே ஒரு பஞ்சில் சேர்கிறது. அது நிறைந்ததாகக் கணக்கு வந்ததும் சில மாடல்கள் அச்சடிக்கவே மறுத்துவிடும். பஞ்சை மாற்றி, ரீசெட் செய்தால் மறுபடி ஓடும். இதற்காக நல்ல இயந்திரத்தைக் கழிப்பது அநியாயம்.

போர்டோ ஹெட்டோ போய், செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் தயங்காமல் மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள். இந்தியாவின் 2022 மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரும் அடக்கம். பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.