காப்பதும் பற்றுதானா?

படித்த கல்லூரியின் ஆண்டு மலர், வகுப்புக் குழுப்படம், என்.எஸ்.எஸ். முகாம் சான்றிதழ், கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலின் பழைய சீசன் டிக்கெட் என்று சேர்த்து வைப்பவர்களைப் பார்த்து, 'இதெல்லாம் வீண் பற்று, விட்டொழிக்கச் சொல்லித்தானே நம் சமயங்கள் போதிக்கின்றன' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பற்று பொருளில் குடியிருப்பதில்லை. அதை 'எனது' என்று பிடித்துக்கொள்ளும் மனத்தில் இருக்கிறது. பற்றறுக்கச் சொன்ன புத்தரே இதற்குச் சான்று. அவர் மறைந்ததும் அவருடைய எலும்புகளுக்கு உரிமை கேட்டு அரசர்கள் போருக்கு நின்றார்கள். துரோணர் என்ற அந்தணர் அவற்றை எட்டுப் பங்காக்கிக் கொடுத்துச் சண்டையைத் தீர்த்தார் என்கிறது பௌத்த மரபு. பகை மூண்டது உரிமையால், தணிந்தது பகிர்வால். எலும்பைக் காத்தது தவறென்று அந்த மரபு சொல்லவில்லை.

வைதிக மரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான். அவற்றுள் ரிஷிகளுக்குப் பட்ட கடனைக் கற்றும் கற்பித்தும் தீர்க்க வேண்டும் என்கிறது. கல்வி தந்த இடத்தின் வரலாற்றை அடுத்தவர்க்குக் கொடுப்பதும் அந்தக் கடனில் ஒரு பகுதிதான். எடுத்துக்காட்டாக, பொன்னேரி எல்.என். அரசு கல்லூரி 1965-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட அரசு கல்லூரிகளில் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் ஏராளம். அலுவலகப் பதிவேட்டில் அவர்களுடைய மதிப்பெண் இருக்கும்; எந்த ஊரிலிருந்து எப்படி வந்து படித்தார்கள் என்பது இருக்காது. அதைச் சொல்வது அந்தச் சீசன் டிக்கெட்தான்.

'படத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களின் பெருமைதானே இதில் மிஞ்சும்? பாதியில் படிப்பை விட்டவருக்கு ஏது ஆண்டு மலர்?' என்பது கனமான மறுப்பு. அதற்காகத் திரட்டுவதை நிறுத்தக் கூடாது, அகலமாகத் திரட்ட வேண்டும்: பரிசுக் கோப்பையோடு விடுதி மெஸ் ரசீதும், கைமாறித் தேய்ந்த பழைய பாடப்புத்தகமும் சேரட்டும். எது மதிப்புள்ளது என்பதைக் காலம்தான் சொல்லும். கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டியவற்றைக் கொண்டு 1994-இல் சென்னையில் நிறுவப்பட்ட ஆய்வு நூலகம் இன்று எல்லோருக்கும் பயன்படுகிறது. பிறருடைய கடிதமும் மதிப்பெண் பட்டியலும் பொதுவில் வரலாமா என்ற தயக்கமும் சரியானதே. உரியவர் சம்மதம் இல்லாததைப் பகிரக் கூடாது; அசல் வீட்டிலேயே இருக்கட்டும், நகல் போதும்.

ஆக, காப்பது பற்றாவது பீரோவில் பூட்டும்போதுதான். பொதுவில் வைத்தால் அது கொடை. பொன்னேரிப் பக்கத்துப் பழவேற்காட்டுக் கடற்காற்றின் ஈரமும் இராமபாணப் பூச்சியும் காகிதத்துக்குத் தவணை தருவதில்லை. படத்தில் நிற்பவர்களின் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பெயர், துறை, ஆண்டு மூன்றையும் எழுதி, ஒரு நகலைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.