‘வராது’ என்ற சொல்லை விடு!

“எனக்கு கெமிஸ்ட்ரி வராது சார்.”

எத்தனை முறை சொல்லியிருப்பாய் இதை?

மார்க் குறைந்தபோது சொன்னாய். இன்டர்வியூவுக்குப் போகச் சொன்னால் ‘இங்கிலீஷ் வராது’ என்றாய். கடை போடலாமா என்று அப்பா கேட்டால் ‘வியாபாரம் வராது’ என்றாய்.

வராதா? வரவழைக்க எத்தனை நாள் உட்கார்ந்தாய்?

உன் ஊர் திருவண்ணாமலை. பஞ்சபூதத் தலங்களில் நெருப்பின் தலம்! கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் எரிகிறதே, அந்தக் கொப்பரை தானாக ஏறியதா?

தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நெய்யும் திரியும் மனிதர்கள் சுமந்துதான் மேலே போயின. மூச்சு வாங்கியது. முட்டி வலித்தது. ஏறினார்கள்!

கீழே நின்று ‘அரோகரா’ சொல்ல லட்சம் பேர். சுமக்கச் சிலர். நீ எந்தப் பக்கம்?

சரி, நீ பயந்து மூடி வைத்த அதே பாடத்தைத் திற. பிளஸ் ஒன் வேதியியல். கார உலோகங்கள்.

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம். ஆறு பேர், ஒரே குடும்பம்.

உலோகம் என்றால் இரும்பு மாதிரி என்று நினைத்தாயா? சோடியத்தைக் கத்தியால் வெட்டலாம். லித்தியமும் சோடியமும் பொட்டாசியமும் தண்ணீரில் மிதக்கும். சீசியம் 28.4 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சித்திரை மாதத்தில் உன் ஊர் நிழலே போதும்!

“இதெல்லாம் ஒரு உலோகமா?” என்று கேட்கத் தோன்றுகிறதா? உன்னைப் பார்த்தும் அப்படித்தானே கேட்டார்கள்?

தண்ணீரில் போடட்டும். அப்புறம் பேசட்டும்!

லித்தியம் நுரைத்து நுரைத்துக் கரையும். சோடியம் உருகி, உருண்டையாகி, நீர்மேல் ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுடரோடு எரியும். ருபீடியமும் சீசியமும் வெடிக்கும்!

ஆசிரியர் இல்லாமல் நீ இதைச் செய்து பார்க்காதே. துணிச்சல் வேறு, முட்டாள்தனம் வேறு.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொன்றின் வெளிக்கூட்டிலும் ஒரே ஓர் எலக்ட்ரான். அதை விட்டுவிடுகின்றன. விட்டதும் ஹைட்ரஜன் வெளிவருகிறது, காரம் உண்டாகிறது, வெப்பம் கிளம்புகிறது.

விடும்போதுதான் நெருப்பு!

நீ எதை இறுக்கிப் பிடித்திருக்கிறாய்? போன வருடத் தோல்வியையா? நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயத்தையா? எல்லாவற்றுக்கும் நீ வைத்திருக்கும் பெயர் ஒன்றுதானே: ‘வராது’. அந்த ஒன்றை விட முடியாதா உன்னால்?

சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கடித்து வைப்பார்கள். காற்று படாது. ஈரம் படாது. பத்திரமாக இருக்கும். ஆனால் அங்கே எதுவும் நடக்காது. ஒன்றுமே நடக்காது!

உன் மண்ணெண்ணெய் எது? போர்வையா? செல்போனா? “அடுத்த மாசத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்” என்ற பேச்சா?

“நான் கடைசி பெஞ்ச் சார்.” இது அடுத்த சாக்கு!

கேள். ஒரு மோல் லித்தியம் அணுக்களிலிருந்து அந்த வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் பிரிக்க 520 கிலோஜூல் வேண்டும். சோடியத்துக்கு 496. பொட்டாசியத்துக்கு 419. சீசியத்துக்கு 376 போதும்.

கீழே போகப் போக அணு பெரிதாகிறது. அணுக்கருவின் பிடி தளர்கிறது. தண்ணீரோடு மோதும் வேகம் கூடுகிறது. மேலே இருக்கும் லித்தியம் நுரைக்கத்தான் செய்கிறது. கீழே இருக்கும் சீசியம் வெடிக்கிறது! கடைசி பெஞ்ச் உனக்கு இனியும் சாக்கா?

அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை பிரான்சியம். அதைக் கண்டுபிடித்தது யார், பட்டங்களை அடுக்கிய பேராசிரியரா?

மார்கரித் பெரே. சிறு வயதில் அப்பாவை இழந்த பெண். டாக்டராக ஆசைப்பட்டார், வீட்டில் பணமில்லை. பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் மேரி கியூரியிடம் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். 1939-இல், 29 வயதில், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே 87-ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தார்! அவருக்கு முன் சிலர் கண்டுவிட்டோம் என்று அறிவித்து, பொய்த்துப்போன தனிமம் அது.

பிரான்சியத்தில் பாதி ஏறக்குறைய 22 நிமிடத்தில் சிதைந்துவிடும். அந்த ஓட்டத்தையே அவர் பிடித்தார். உனக்கு நேரமில்லையா?

“அது பாரிஸ் சார், இது நம்ம ஊர்” என்கிறாயா? கல்பாக்கம் நம்ம ஊர்தானே!

வேக ஈனுலை என்ற வகை அணு உலை ஒன்றை அங்கே பிரான்ஸின் உதவியோடு கட்டத் தொடங்கினார்கள். 1974-இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன்பின் வெளிநாட்டிலிருந்து எரிபொருள் வராது என்று ஆயிற்று.

பார்த்தாயா, உன் சொல்தான். வராது! பூட்டிவிட்டுப் போனார்களா? யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை நம்மவர்களே செய்தார்கள். 1985 அக்டோபரில் உலையை இயக்கிக் காட்டினார்கள்!

அந்த உலையின் வெப்பத்தைச் சுமந்து ஓடுவது எது தெரியுமா? உருகிய சோடியம்! தண்ணீரைக் கண்டால் சீறும் அதே சோடியத்தை எஃகுக் குழாய்க்குள் ஓடவிட்டு வேலை வாங்குகிறார்கள். உன் கோபத்துக்கும் ஒரு குழாய் வேண்டாமா? அதற்குப் பெயர்தான் தினசரி உழைப்பு.

2002-இல் அங்கே 75 கிலோ சோடியம் கசிந்தது. சரிசெய்தார்கள். மறுபடி ஓட்டினார்கள். வடிவமைத்த 40 மெகாவாட் வெப்பத்திறனை அந்த உலை எட்டியது 2022-இல்.

முப்பத்தாறு ஆண்டுக்கு மேல்! நீ எத்தனை நாளில் கைவிட்டாய்?

நாளைக்கு என்று சொல்லாதே. இன்று ராத்திரியே உட்கார். ஆறு பெயரையும் எழுது. தண்ணீரில் எது என்ன செய்யும் என்று எதிரே எழுது. ஏன் என்று எழுது. புரியவில்லையா? அடித்துவிட்டு மறுபடி எழுது!

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பாதியில் உட்கார்ந்தவருக்கும் மலை தெரியும். ஆனால் சுற்றி முடித்தவர்தான் கிரிவலம் வந்தவர்.

எழுந்திரு. புத்தகத்தை எடு!