குழாயில் படரும் பூஞ்சையும் வினைக் கொள்கையும்

மருத்துவமனையில் உடலுக்குள் செருகிய குழாயின் வழியே வரும் தொற்றை நோயாளியின் பழவினைப் பயன் என்று கொள்வது சைவ சித்தாந்தத்துக்கு உடன்பாடுதானா என்னும் வினா, நீரிழிவும் அதனால் வரும் சிறுநீரகச் செயலிழப்பும் மிகுந்த மலேசியாவில், குறிப்பாகச் சுல்தானா அமினா போன்ற அரசு மருத்துவமனைகளை நம்பியிருக்கும் ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று.

மனிதரின் வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழும் கேண்டிடா என்னும் பூஞ்சை, கழுத்து இரத்தநாளத்தில் இட்ட டயாலிசிஸ் குழாயையோ சிறுநீர்க் குழாயையோ பற்றிக்கொண்டால், ஓரிரு நாள்களில் தன்னைச் சுற்றிப் பசைப் போர்வை ஒன்றைச் சுரந்து கூட்டமாகத் தங்கிவிடுகிறது. உயிர்ப்படலம் எனப்படும் இப்போர்வை, ஃபுளூகோனசோல் போன்ற வழக்கமான மருந்தைத் தடுத்துவிடுகிறது. எக்கைனோகேண்டின் வகை மருந்துகளும் கொழுப்புறையிட்ட ஆம்போடெரிசினும் படலத்தின் மீது ஓரளவு வேலைசெய்யும் எனினும், இரத்தத்தில் பூஞ்சை கலந்துவிட்டால், இயன்ற விரைவில் கழுத்துக் குழாயை எடுப்பதே சிகிச்சையின் அச்சாணி. அறிகுறியின்றிச் சிறுநீரில் மட்டும் பூஞ்சை தென்படும் பலருக்கோ, குழாயை எடுத்தாலே மருந்தின்றி அது மறைந்துவிடுவதுண்டு.

சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். படுத்திருப்பவரின் துன்பத்தைப் பிராரத்தம் என்று ஒருவர் கருதலாம். ஆயினும் கை கழுவாமல் குழாயின் வாயைத் திறந்தவருக்கும், தேவை தீர்ந்த பின்னும் அதை உடலிலேயே விட்டுவைத்தவருக்கும் அச்செயல் ஆகாமியமாகிறது என்பதும் இதே கொள்கைதான். படுக்கையருகே 'எல்லாம் விதி' என்று சொல்லப்படும் ஆறுதல், செய்தவரின் பொறுப்பை நுகர்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது. இது வினைக் கொள்கையைப் பாதியோடு நிறுத்திய படிப்பு.

குழாயைக் குறை கூறுவதும் பொருந்தாது. மாயை, உயிரைப் பற்றிய அழுக்குகளாகிய மலங்களில் ஒன்றாக இருந்தும், ஆணவம் என்னும் மூல மலத்தில் அழுந்திய உயிருக்கு உடலையும் கருவிகளையும் தந்து உதவுவது எப்படி என்பதற்கு, அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், சாணமும் உவர்மண்ணும் இட்டுத் துணியின் அழுக்கைப் போக்கும் செயலை உவமையாக்குகிறார். அழுக்கு நீங்கியதும் அந்த உவர்மண்ணையும் அலசிவிட வேண்டும். உயிர்காக்க இட்ட குழாயும் அத்தகையதே.

ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் ஆலயத்தில் நோயாளியின் பெயருக்கு அர்ச்சனை செய்யும் உறவினர், வார்டுக்கு வந்ததும் மருத்துவரிடம் 'இந்தக் குழாய் இன்றும் தேவைதானா' என்று நாள்தோறும் தயங்காமல் கேட்க வேண்டும்.