கொடுத்த கையும் பூட்டிய கதவும்



பொலிதேயாமாப் பக்கம் நம்மவர் நாலுபேர் கூடினால் ஊர்க்கதை வரும்; அதோடு "பாதிரிமார் படிப்பித்தது மதம் மாற்றத்தானே" என்ற பேச்சும் வரும். அதில் உண்மை உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தம் நோக்கத்தை மறைக்கவில்லை. ஆனால் உள்நோக்கத்தோடு செய்த நன்மை நன்மையாகுமா என்று கேட்பவர்கள், கணக்கேட்டின் இரண்டு பக்கங்களையும் பார்க்க வேண்டும்.

தேசவழமை கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகள் என்றே குறித்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் நிலமும் கிணறும் கோயிலும் பழைய எசமானர் கையிலேயே இருந்தன. எழுத்தறிவும் அப்படியே.

மிஷனரிமாரும் முழுத் துணிவோடு நடக்கவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளப் பிள்ளைகளே. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சிறிது எழுத்தும், வகுப்பறைத் தரையில் ஓர் இடமும்தான். ஆயினும் பல ஊர்களில் அந்தத் தரையேனும் கிடைத்தது மிஷன் பாடசாலையில்.

நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவம் தழைக்க அது பெருந்துணை. ஆனால் சைவப் பாடசாலைகளின் கதவு நெடுங்காலம் எல்லாச் சைவப் பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை. 1930ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டுமென்று வந்தபோது, சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் பாதிரிமார் அல்லர்.

நிபந்தனையோடு கொடுத்தவர் தம் புண்ணியத்தைத் தாமே குறைத்துக்கொண்டார். நிபந்தனையின்றிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களோ கதவைப் பூட்டினார்கள். இரண்டிலும் பெரிய பற்று நம் பக்கத்திலேயே நிற்கிறது. வேறு வழியில்லாத பிள்ளை ஞானஸ்நானம் பெற்று அகரம் படித்ததென்றால், அந்த விலையை உயர்த்தியதில் நமக்கும் பங்குண்டு.

கல்வி தானமாக இருக்கும்வரை கொடுப்பவரின் மனத்தைப் பிள்ளை நம்பியிருக்க வேண்டும். உரிமையானபின் அது வேண்டியதில்லை. 1945இல் இலங்கையில் வந்த இலவசக் கல்வியின் பெருமை அதுவே. இங்கும் நம் பிள்ளைகள் அரச பாடசாலையில் எல்லோரோடும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். கத்தோலிக்க சமயபாடம் வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலகலாம்.

அப்படியிருக்க, தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோரிடம் "ஊரிலே எந்தக் குறிச்சி?" என்று துருவிக் கேட்பது ஏன்? எதற்காகக் கேட்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பிள்ளையின் பெயரையும் வயதையும் மட்டும் எழுதிக்கொள்வோம். சங்கத்தின் வகுப்புக்கு அவ்வளவும் போதும்.